தாய்லாந்து மூலிகை மாத்திரைகள்: வார்ஃபரின் எடுக்கும் அம்மாவுக்குக் கொடுக்கலாமா?

செந்தில், திருவெறும்பூர்

அனைவருக்கும் வணக்கம். என் அக்கா பாங்காக்கில் இருக்கிறாள். அத்தானுக்குச் சீலோம் பக்கம் ரத்தினக் கல் வியாபாரம். பொங்கலுக்கு வந்தபோது ஒரு பை நிறைய மூலிகை மருந்து கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். எது எதற்கு என்று சொன்னதில் பாதி அம்மாவுக்கு மறந்துவிட்டது, மீதியை அம்மா தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொண்டுவிட்டார்.

பையில் இருப்பவை: ஃபா தலாய் ஜோன் என்ற பச்சை மாத்திரைக் குப்பி (கைபேசியை நீட்டி மொழிபெயர்த்தால் ‘வானம் இடிந்து திருடன்’ என்று வருகிறது, நிலவேம்புதான் என்று அக்கா சொல்கிறாள்). கமின் சான் என்று மஞ்சள் மாத்திரை. பெட் சங்காட் என்று ஒன்று, அது நம் பிரண்டையாம். துணியில் பந்து போல் கட்டி, மேலே கைப்பிடி முடிச்சுப் போட்ட இரண்டு மூலிகை மூட்டைகள். கடைசியாக, ரப்பர் வளையம் போட்ட பிளாஸ்டிக் பையில் மிளகை விடச் சற்றுப் பெரிய கறுப்பு உருண்டைகள். இதற்கு மட்டும் எந்தச் சீட்டும் இல்லை. அக்கா வீட்டு வேலைக்கு வரும் பெண்மணியின் ஊர் வடகிழக்கில் இருக்கிறதாம். அங்கே சந்தையில் வாங்கியது, மூட்டு வலிக்கு அற்புதம் என்றார்களாம்.

அம்மாவுக்கு 67 வயது. 2016இல் இதயத்தில் உலோக வால்வு வைத்தார்கள். அன்றிலிருந்து ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், கூடவே ரத்த அழுத்த மாத்திரை. மூட்டு வலி பத்து வருடமாக இருக்கிறது.

அந்தக் கறுப்பு உருண்டையைப் பொங்கல் முடிந்த கையோடு காலை இரண்டு, இரவு இரண்டு என்று ஆரம்பித்தார். மூன்றாம் நாளே மொட்டை மாடிக்கு ஏறித் துணி உலர்த்தினார். இப்போது இரண்டு மாதமாகிறது. போன வாரம் வடாம் கூடப் பிழிந்தார். நன்றாகப் பசிக்கிறது, கன்னமெல்லாம் பூசினாற்போல் இருக்கிறது, ‘அக்கா தேறிவிட்டீர்கள்’ என்று தெருவில் எல்லோரும் சொல்கிறார்கள். அதனால் அதில் எனக்குக் கவலை இல்லை.

கவலை மற்றவற்றைப் பற்றித்தான். சளி பிடித்திருப்பதால் நேற்று முன்தினம் முதல் அந்த நிலவேம்பு மாத்திரையும், வயிறு உப்புசத்துக்கு மஞ்சள் மாத்திரையும் போடுகிறார். இவற்றின் மேல் உண்மையான ஆராய்ச்சி ஏதாவது நடந்திருக்கிறதா, அல்லது நம் ஊர் விளம்பரம் போலத்தானா? வார்ஃபரினோடு சேர்க்கலாமா?

மருந்துப்பெட்டி

தம்பி, விரிவாக இரவு எழுதுகிறேன். இப்போது கடையில் கூட்டம். ஆனால் நீங்கள் கவலை இல்லை என்று சொன்ன இடத்தில்தான் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

பத்து வருட மூட்டு வலி மூன்றே நாளில் அடங்கியது, அகோரப் பசி, இரண்டு மாதத்தில் முகம் உருண்டது. இந்த மூன்றும் சேர்ந்தால் மூலிகை என்று எனக்குத் தோன்றவில்லை, ஸ்டீராய்டு என்றுதான் தோன்றுகிறது. தாய்லாந்தில் இந்த உருண்டைக்கு யா லூக் க்லோன் என்று பெயர். பொடித்த மூலிகையைத் தேனில் பிசைந்து உருட்டும் பழைய முறை அது. முறையில் தவறில்லை. சீட்டில்லாமல் சந்தையில் விற்பவர்கள் அதற்குள் டெக்ஸாமெத்தசோனையோ பிரெட்னிசலோனையோ கலந்துவிடுகிறார்கள் என்பது அங்கே பல வருடப் பிரச்சினை.

இன்று மாலைக்குள் அம்மாவை இதய மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். உருண்டைப் பையையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண், கூடினால் ரத்தக் கசிவு ஆபத்து), சர்க்கரை இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். நிலவேம்பு, மஞ்சள் மாத்திரைகளை இப்போதே நிறுத்திவிடலாம். கறுப்பு உருண்டையை மட்டும் நீங்களாகக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். இரண்டு மாதம் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்தால், உடம்பு தன் பங்குக்குச் சுரப்பதை நிறுத்தியிருக்கும். திடீரென்று நின்றால் அழுத்தம் சரிந்து ஆள் மயங்கி விழலாம். எப்படிக் குறைத்து நிறுத்துவது என்று மருத்துவர் சொல்லட்டும். ஈறில் ரத்தம், தார் போலக் கறுத்த மலம், காரணமில்லாத நீலத் திட்டு, இவற்றில் ஏதாவது இருந்தால் மாலை வரைகூடக் காத்திருக்க வேண்டாம், அவசரப் பிரிவுக்கே போய்விடுங்கள்.

செந்தில், திருவெறும்பூர்

கையில் முழங்கைக்கு மேலே ஒரு நீலத் திட்டு இருக்கிறது. கதவில் இடித்துக்கொண்டேன் என்றார். கிளம்புகிறோம்.

காங்கேயம் காளை

மருத்துவரிடம் போவது நல்லது, மறுக்கவில்லை. ஆனால் நிலவேம்பையும் சந்தை உருண்டையையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம். கொரோனா காலத்தில் தாய்லாந்து அரசே ஃபா தலாய் ஜோனைக் கொடுத்தது. 2021இல் சிறைகளில் பதினோராயிரம் கைதிகளுக்கு மேல் கொடுத்து அநேகமாக எல்லோரும் குணமானார்கள் என்று செய்தி வந்தது. நம் ஊரில் டெங்கு வந்தபோது நிலவேம்புக் குடிநீரைக் கேலி செய்தவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

மருந்துப்பெட்டி

கடையை மூடிவிட்டேன். நிதானமாக எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. மதுரையில் பி.ஃபார்ம். படித்துவிட்டு, ஆறு வருடம் பாங்காக்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் தாவர வேதியியலில் ஆராய்ச்சி செய்தேன். அதில் ஒன்றரை வருடம் நிலவேம்போடுதான். அரைக்கும் அறையில் முகக்கவசம், கண்ணாடி, தலைக்குத் தொப்பி எல்லாம் போட்டுக்கொண்டுதான் நிற்போம். இருந்தும் மாலையில் பஸ்ஸில் உட்கார்ந்து உதட்டை ஈரப்படுத்தினால் கசக்கும். விடுதியில் தலை குளிக்கும்போது வழியும் தண்ணீர் வாயில் பட்டால் கசக்கும். தலையணை உறையே கசந்தது என்றால் நம்ப மாட்டீர்கள். ஆகவே நிலவேம்பைக் கேலி செய்யும் கூட்டத்தில் என்னைச் சேர்க்க வேண்டாம், காளை. அதன் உப்பைத் தின்றவள், கசப்பையும் தின்றவள்.

கொரோனாக் கதையிலிருந்தே தொடங்குகிறேன். தாய்லாந்து சுகாதார அமைச்சகம் 2020 டிசம்பரில் லேசான தொற்றுக்கு ஃபா தலாய் ஜோனைச் சோதனை முறையில் அனுமதித்தது உண்மை. நாளொன்றுக்கு 180 மில்லிகிராம் ஆண்ட்ரோகிராஃபோலைடு, ஐந்து நாள். ஆண்ட்ரோகிராஃபோலைடு என்பது அந்தக் கசப்பின் முக்கியப் பொருள். பிறகு 57 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. மருந்து எடுத்த 29 பேரில் யாருக்கும் நிமோனியா வரவில்லை, எடுக்காத 28 பேரில் மூவருக்கு வந்தது. தற்செயலாக இப்படி நடக்க வாய்ப்பு நூற்றுக்கு நான்குக்கும் குறைவு என்று கணக்குப் போட்டு, இதழில் வெளிவருமுன்னரே இணையத்தில் ஏற்றினார்கள். ஊரெல்லாம் கொண்டாட்டம்.

அப்புறம் கணக்கில் பிழை தெரிந்தது. நீங்களே போட்டுப் பார்க்கலாம். 57 சீட்டுகளை இரண்டு குடத்தில் 29, 28 என்று போடுகிறோம். மூன்று சீட்டில் மட்டும் கறுப்புப் புள்ளி. மூன்றும் இரண்டாவது குடத்திலேயே விழ வாய்ப்பு எவ்வளவு? ஏறக்குறைய ஒன்பதில் ஒன்று. நூற்றுக்கு பதினொன்று. அதாவது மருந்து ஒன்றுமே செய்யாவிட்டாலும் ஒன்பது முறைக்கு ஒருமுறை இப்படித் தானாகவே விழும். 2021 ஆகஸ்டில் ஆராய்ச்சியாளர்களே அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். எனக்கு அதில் மரியாதைதான். நம் ஊரில் திரும்பப் பெற்ற கட்டுரையை விட வாட்ஸ்அப்பில் திரும்ப அனுப்பிய கட்டுரைதான் அதிகம்.

சிறைக் கைதிகள் கணக்கு சோதனையே இல்லை. லேசான தொற்று வந்தவர்களில் பெரும்பாலோர் வெறும் கஞ்சி குடித்தாலும் எழுந்துவிடுவார்கள். கஞ்சி குடித்தவர்களை யாரும் எண்ணவில்லை.

ஆனால் இதே செடிக்கு இன்னொரு சோதனை இருக்கிறது. அதைப் பற்றி யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை, ஏனென்றால் அது வெறும் தொண்டை வலி. 1991இல் பாங்காக்கில் வெளியானது. தொண்டை வலியோடும் காய்ச்சலோடும் வந்த 152 பேரைப் பிரித்து, ஒரு பகுதிக்குப் பாரசிட்டமால், ஒரு பகுதிக்கு நாளொன்றுக்கு 3 கிராம் ஃபா தலாய் ஜோன், மற்றொரு பகுதிக்கு 6 கிராம் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் பார்த்தால் 6 கிராம் எடுத்தவர்கள் பாரசிட்டமால் எடுத்தவர்களுக்கு இணையாகத் தேறியிருந்தார்கள். 3 கிராம் எடுத்தவர்கள் அவ்வளவு தேறவில்லை. 1999இல் தாய்லாந்து அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இது ஏறியது. பாரசிட்டமால் இருக்கும் அதே பட்டியல்.

இப்போது செந்தில், அம்மா வைத்திருக்கும் குப்பியை எடுத்துப் பாருங்கள். ஒரு மாத்திரை 400 மில்லிகிராம் என்று எண் இருக்கும், எண்ணுக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை. 6 கிராம் வேண்டுமென்றால் ஒரு நாளைக்குப் பதினைந்து மாத்திரை. ‘ரெண்டு போட்டேன், சளி ஓடிவிட்டது’ என்பவர்களுக்கு ஓடியது சளியின் சொந்த விருப்பத்தில். அங்கே அரசு சொல்லும் அளவே வேளைக்கு ஒன்றரை முதல் மூன்று கிராம், நாளுக்கு நான்கு வேளை. மூன்று நாளில் குறையாவிட்டால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். நெடுநாள் தின்றால் கைகால் மரத்துப்போகலாம் என்ற எச்சரிக்கையும் உண்டு. கர்ப்பிணிக்குக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கும், அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கும் எச்சரிக்கை தேவை. அம்மா இந்த இரண்டு வகையிலும் வருகிறார்.

மஞ்சளுக்கு வருகிறேன். தாய்லாந்தில் எனக்கு மிகவும் பிடித்த ஆராய்ச்சிக் கதை இதுதான், கொஞ்சம் நீளும்.

1989இல் வயிற்று உப்புசம், நெஞ்செரிச்சல், ஏப்பம் என்று வந்த 116 பேருக்கு ஒரு வாரம் மஞ்சள் மாத்திரையோ வேறு மாத்திரையோ கொடுத்துப் பார்த்தார்கள். மஞ்சள் எடுத்தவர்களில் நூற்றுக்கு 87 பேருக்குக் குறைந்தது. நல்ல எண்தான். ஆனால் உள்ளே ஒன்றுமில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 53 பேருக்கும் குறைந்தது! பாதிக்கு மேல்! வயிறு அப்படிப்பட்ட உறுப்பு. யாராவது அக்கறையாக ஒரு மாத்திரையை நீட்டினாலே பாதி அடங்கிவிடும். பிறகு 2023இல் சுலாலங்கோர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 206 பேரை வைத்து மஞ்சளின் முக்கியப் பொருளான குர்குமினையும், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் மாத்திரையையும் நேருக்கு நேர் நிறுத்தினார்கள். இரண்டும் கிட்டத்தட்டச் சமம். இரண்டையும் சேர்த்துக் கொடுத்த மூன்றாவது குழுவிலும் கூடுதலாக எதுவும் இல்லை. பத்திரிகைகள் ‘மஞ்சள் ஒமிப்ரசோலை வென்றது’ என்ற அளவுக்குப் போய்விட்டன.

என் சங்கடம் என்னவென்றால், அந்த மூன்று குழுவில் வெற்று மாத்திரை மட்டும் எடுத்த குழு ஒன்றில்லை. 1989இன் 53ஐ நினைவில் வைத்துக்கொண்டு 2023ஐப் படிக்க வேண்டும். இரண்டும் நன்றாக வேலை செய்தன என்றும் படிக்கலாம், இரண்டிலும் பாதி வேலையை நோயாளியின் மனமே செய்தது என்றும் படிக்கலாம். எனக்கு உப்புசம் வந்தால் மஞ்சள் மாத்திரைதான் போடுகிறேன். எனக்குப் பித்தப்பைக் கல் இல்லை, வார்ஃபரினும் இல்லை.

அம்மாவுக்கு வேண்டாம். குழம்பில் போடும் மஞ்சளைச் சொல்லவில்லை, அது வழக்கம் போல் இருக்கட்டும். மாத்திரையில் இருப்பது வேறு அளவு. 2018இல் நியூசிலாந்தின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒரு எச்சரிக்கை வெளியிட்டது: வார்ஃபரினில் சீராக இருந்த ஒருவர் மஞ்சள் தயாரிப்பு ஒன்றை ஆரம்பித்த சில வாரங்களில் ஐ.என்.ஆர். 10ஐத் தாண்டிவிட்டது. உலோக வால்வுக்காரருக்குப் பொதுவாக மூன்றை ஒட்டி இருக்க வேண்டியது அது.

பிரண்டை பற்றிச் சுருக்கமாக முடிக்கிறேன். அங்கே மூலத்துக்குத் தின்கிறார்கள். தொண்டை அரிக்கும் என்பதால் பச்சைத் தண்டை வாழைப்பழத்துக்குள்ளோ புளிக்குள்ளோ செருகி விழுங்குவார்கள். நாம் எண்ணெயில் வதக்கிப் புளி வைத்துத் துவையல் அரைக்கிற அதே அறிவு, வேறு சமையலறை. தீவிர மூலத்துக்கு வழக்கமான மாத்திரை, வெற்று மாத்திரை இரண்டோடும் பிரண்டையை ஒப்பிட்டு அவர்களே 2010இல் சோதனை வெளியிட்டார்கள். மூன்றுக்கும் வித்தியாசம் தென்படவில்லை. தங்கள் பட்டியலில் இருக்கும் மூலிகையைத் தாங்களே சோதித்து, கிடைத்த பதில் பிடிக்காவிட்டாலும் அச்சிட்டார்கள்.

பொதிகை வைத்தியன்

நான் சித்த மருத்துவன். அம்மையார் எழுதியதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஒரு மறுப்பு மட்டும். நிலவேம்பைத் தனியாகப் பொடித்து மாத்திரையில் அடைப்பது எங்கள் வழியில்லை. நிலவேம்புக் குடிநீரில் ஒன்பது சரக்கு: நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சு வேர், சந்தனம், சுக்கு, மிளகு, கோரைக்கிழங்கு, பற்படாகம், பேய்ப்புடல். ஒன்றின் கடுமையை மற்றொன்று தணிக்கும். ஆண்ட்ரோகிராஃபோலைடு எத்தனை மில்லிகிராம் என்று அளப்பது, பாட்டைக் கேட்காமல் சுருதிப்பெட்டியை மட்டும் கேட்பது போல.

மருந்துப்பெட்டி

ஐயா, சுருதிப்பெட்டி உவமை நன்றாக இருக்கிறது. ஆனால் சுருதி கலைந்திருந்தால் பாட்டும் போச்சு. நிலவேம்பு பூவிடத் தொடங்கும் பருவத்தில் அறுத்த இலைக்கும், முற்றிக் காய்த்துக் காய்ந்த பின் அறுத்ததற்கும், இரண்டு வருடம் சாக்கில் கிடந்ததற்கும் கசப்புப் பொருளின் அளவு வெவ்வேறு. மூன்றும் கடையில் ஒரே நிறப் பொடிதான். எட்டுச் சரக்கு கூடச் சேர்ந்தாலும் ஒன்பதாவது வெறும் வைக்கோலாக இருந்தால் என்ன தணிப்பது?

தாய்லாந்திலும் கூட்டு மருந்து உண்டு. காய்ச்சலுக்கு யா ஹா ராக் என்று ஐந்து வேர் மருந்து, அதில் ஒரு வேர் நம் அத்தி. அத்தியாவசியப் பட்டியலில் தனி மூலிகையும் இருக்கிறது, கூட்டும் இருக்கிறது. அவர்கள் தங்கள் வைத்திய குருவாக வணங்குவது புத்தருக்கு வைத்தியம் பார்த்த ஜீவகரை. பாங்காக்கின் வாட் போ கோவிலில் மூன்றாம் ராமா மன்னர் காலத்தில் மருந்துக் குறிப்புகளைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். வர்ம ஓவியம் போல உடம்பெங்கும் கோடுகள் வரைந்த கற்பலகைகளும் அங்கே உண்டு. நீங்கள் ஒருமுறை போனால் நாள் முழுக்க வெளியே வரமாட்டீர்கள்.

பழைய கல்லில் இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் அவர்கள் அப்படியே வைத்துக்கொள்ளவில்லை என்பதும் உண்மை. க்ராய் க்ருவா என்று ஒரு வேர் பல பழைய கூட்டு மருந்துகளில் இருந்தது. அதில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் உண்டு. சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோய் வரவழைக்கும். செய்முறைகளிலிருந்து அதை எடுத்துவிடச் சொல்லி உத்தரவு போட்டார்கள்.

பொதிகை வைத்தியன்

அந்த அமிலம் எங்கள் ஆடுதீண்டாப்பாளையிலும் இருக்கிறது. ஆடே தீண்டாததை மனிதன் தீண்டலாமா என்று என் ஆசிரியர் கேட்பார். நான் உள்ளுக்குக் கொடுப்பதில்லை. சுருதி பற்றிச் சொன்னதை யோசிக்கிறேன்.

அந்தத் துணி மூட்டையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? எங்கள் ஒற்றடம் போலத்தானே?

மருந்துப்பெட்டி

ஒற்றடமேதான். லூக் ப்ரகோப் என்பார்கள். ப்ளாய் என்ற இஞ்சி இனக் கிழங்கு, மஞ்சள், காஃபிர் எலுமிச்சையின் தோல், எலுமிச்சைப்புல், புளிய இலை, உப்பு, கற்பூரம். ஆவியில் வைத்து, சூடு தாங்குமளவுக்கு ஆறியபின் மூட்டில் ஒற்றுவார்கள். சியாங் மாயில் மூட்டுத் தேய்மானம் உள்ள 60 பேரை வைத்து மூன்று வாரம் சோதித்தார்கள், 2014இல் வெளியானது. ஒற்றடம் ஒரு குழு, தாய் மசாஜ் ஒரு குழு, ஐபுப்ரூஃபன் என்ற வலி மாத்திரை ஒரு குழு. மூன்றிலும் வலி ஏறத்தாழ ஒரே அளவு குறைந்தது. சின்னச் சோதனைதான். வெந்நீர்ப் பையை மட்டும் வைத்து ஒரு குழு இருந்திருந்தால் எனக்கு இன்னும் திருப்தியாக இருந்திருக்கும். ஆனால் வார்ஃபரின் எடுப்பவர் ஐபுப்ரூஃபனைத் தொடவே கூடாது என்பதால், செந்திலின் பையில் அம்மாவிடம் நான் விட்டுவைப்பேன் என்றால் இந்த மூட்டையைத்தான், அதுவும் மருத்துவர் சம்மதித்த பிறகு. கூடவே அங்கிருந்து வரும் காரமான தைலங்களைப் பூச வேண்டாம். பலவற்றில் மெத்தில் சாலிசிலேட் இருக்கிறது, தோல் வழியாகவே போய் வார்ஃபரினைத் தூண்டிவிடும்.

உருண்டைக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் இன்று முழுக்க அதுதான் மண்டையில் ஓடுகிறது. ஆராய்ச்சிக்காக வடகிழக்கில் ஒரு கிராமச் சுகாதார நிலையத்தில் இரண்டு வாரம் தங்கியிருந்தேன். ஸ்டீராய்டைக் கண்டுபிடிக்க அங்கே ஒரு சோதனைப் பட்டை வைத்திருந்தார்கள், கர்ப்பச் சோதனைப் பட்டை போலவே இருக்கும். ஆனால் தலைகீழ்: இரண்டு கோடு வந்தால் கலப்பில்லை, ஒரே கோடு வந்தால் கலப்பு. ஒரு மூதாட்டி, எல்லோரும் ‘பா’ என்று அழைப்பார்கள், நம் பெரியம்மா மாதிரி, தன் உருண்டையை ரவிக்கைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். செவிலியர் கரைத்துச் சொட்டுவிட்டார். ஒரே கோடு. பெரியம்மா பட்டையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘இதில் மருந்து இருக்கிறது என்றுதானே அர்த்தம்? நல்லதுதானே!’ என்றார். யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. அவர் சொன்னது ஒருவகையில் சரிதான்.

செந்தில், திருவெறும்பூர்

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். மன்னிக்கவும்.

அன்று இரவே அம்மாவைச் சேர்த்துக்கொண்டார்கள். ஐ.என்.ஆர். 5.8. இதுவரை சர்க்கரையே இல்லாதவருக்கு வெறும் வயிற்றில் 171. மருத்துவர் அம்மாவின் முகத்தைப் பார்த்ததுமே ‘என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?’ என்று கேட்டார். நான் பையை நீட்டினேன். ஒன்றும் சொல்லாமல் ஒரு உருண்டையை நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார். வார்ஃபரினை இரண்டு நாள் நிறுத்தி அளவைச் சரிசெய்தார்கள். ஸ்டீராய்டை மெல்ல மெல்லக் குறைக்கும்படி அட்டவணை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், சுமார் ஆறு வாரம் ஆகுமாம். சர்க்கரை இப்போது இறங்கி வருகிறது.

அக்காவிடம் அங்கே மீதம் பத்து உருண்டை இருந்தது. மருந்துப்பெட்டி அம்மா எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். பக்கத்துச் சுகாதார நிலையத்தில் கொடுத்துச் சோதித்தாள். படம் அனுப்பினாள். ஒரே கோடு. கீழே ‘நான்தானே கொடுத்தேன்’ என்று மட்டும் எழுதியிருந்தாள். இரண்டு நாள் கைபேசியை எடுக்கவில்லை. வேலைக்கு வரும் பெண்மணியின் தாயாரும் அதே உருண்டைதான் தின்கிறாராம், அவரையும் இப்போது மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள்.

அம்மாவுக்குத்தான் கோபம். மூட்டு வலி திரும்பி வந்துவிட்டது. ‘நடந்துகொண்டிருந்தவளைப் படுக்க வைத்துவிட்டாய்’ என்று என்னிடம் பேசுவதில்லை. மருத்துவர் அனுமதித்ததால் நேற்று அந்த ஒற்றட மூட்டையை எடுத்துக் கொடுத்தேன். எப்படி ஆவியில் வைப்பது என்று நான் யோசிப்பதற்குள் இட்லிப் பானையில் வைத்துவிட்டார். புறங்கையில் சூடு பார்த்து, சேலையை முழங்கால் வரை ஏற்றிக்கொண்டு, முக்கால் மணி நேரம் தானே ஒற்றிக்கொண்டார். வலி போனதா என்று கேட்டேன். ‘இதமாக இருக்கிறது’ என்றார். இரண்டு வாரத்தில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

இன்று காலை இட்லியெல்லாம் கற்பூர வாசம். அப்பா ஒன்றும் சொல்லாமல் நான்கு சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்.